முடியைக் கொடுத்தால் உடம்பில் ஜிங்க் எவ்வளவு என்று தெரிந்துவிடுமா?

செப்டம்பர் 3, கேள்வி (மன்னார்குடிப் பக்கத்து வாசகர்)

"எங்கள் ஊரில் ஒரு தனியார் கேம்ப் போட்டார்கள். அம்மாவின் பின்னந்தலை முடியைக் கொஞ்சம் வெட்டி, கவரில் போட்டு எங்கேயோ அனுப்பினார்கள். இப்போது ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஏகப்பட்ட தனிமங்கள், சிவப்பு மஞ்சள் பச்சை என்று பட்டைகள். ஜிங்க் சிவப்பு, ஈயம் மஞ்சள், செலினியம் மிக அதிகம் என்கிறது. ஆறு மாதத்துக்கு மாத்திரை வாங்கச் சொல்கிறார்கள். டெல்டா மண்ணிலேயே ஜிங்க் கிடையாது, அரிசியிலும் கிடையாது, அதனால் டெல்டாக்காரர்கள் எல்லோருக்குமே உடம்பில் ஜிங்க் குறைவு என்று ஒரு விளக்கமும் கொடுத்தார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. வயலுக்கு நாமே ஜிங்க் சல்பேட் போடுகிறோமே?"

செப்டம்பர் 3, இரவு

மாத்திரையை வாங்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம்.

கும்பகோணத்தில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்ப்பவள் நான். பெரியவர்களின் உடம்பில் மொத்தமாக 2 முதல் 3 கிராம் துத்தநாகம், அதாவது ஜிங்க், இருக்கிறது. அதில் ஏறக்குறைய 60 சதவீதம் தசையில், 30 சதவீதம் எலும்பில். ரத்தத்தில் பிளாஸ்மாவில் மிதப்பது மொத்தத்தில் 0.1 சதவீதம்தான். முடி? வேரை விட்டு வெளியே வந்த முடி செத்த பொருள். வெளியே வந்த நாளிலிருந்து தண்ணீர், எண்ணெய், புழுதி, ஷாம்பு எல்லாம் அதில் ஏறும். அதை வெட்டி அளந்தால் முடியில் எவ்வளவு என்று தெரியும். தசையில் எவ்வளவு என்று தெரியாது.

இன்னொன்று. சத்துக்குறைவான குழந்தைகளுக்கு முடி மெதுவாக வளரும். அப்படி வளரும்போது முடியில் ஜிங்க் சரியாக, சில சமயம் கூடுதலாகக்கூடக் காட்டும். குறைவு இருக்கிற பிள்ளைக்குப் பச்சைப் பட்டை வரும்.

அம்மா என்ன ஷாம்பு போடுகிறார்?

செப்டம்பர் 4

பொடுகுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஷாம்பு என்று பதில் போட்டிருக்கிறார், புட்டியின் படமும். செலினியம் சல்பைடு. ரிப்போர்ட்டில் செலினியம் ஏறியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் மற்ற பொடுகு ஷாம்புகள் பலவற்றில் ஜிங்க் பைரித்தியோன் இருக்கும். அதைப் போட்டிருந்தால் ஜிங்க்கும் ஏறியிருக்கும். கேம்ப்பில் யாராவது இதைக் கேட்டார்களா?

செப்டம்பர் 5

"ஒரு லேப் சரியில்லை என்றால் எல்லா லேப்பும் சரியில்லையா" என்று ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான்.

1985-ல் அமெரிக்காவில் ஸ்டீஃபன் பாரெட் என்ற மருத்துவர் நல்ல ஆரோக்கியமான இரண்டு பதின்வயதுப் பெண்களின் முடியை 13 வணிக லேப்களுக்கு அனுப்பிப் பார்த்தார். ஒரே ஆளின் முடிக்கு லேப்புக்கு லேப் அளவு மாறியது. எது இயல்பு என்பதிலேயே அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. 2001-ல் கலிஃபோர்னியாவில் மறுபடியும் செய்தார்கள். ஒரே ஆளின் முடியைப் பிரித்து 6 லேப்களுக்கு அனுப்பினார்கள். அப்போதும் அதே கதை. உணவை மாற்றிக்கொள்ளச் சொன்ன யோசனைகள்கூட ஒன்றுக்கொன்று முரணாக வந்தன.

கருவியைக் குறை சொல்லவில்லை. இந்தத் தனிமங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் மிக நுட்பமான கருவி, கோடியில் ஒரு பங்கையும் அளந்துவிடும். அதனால்தான் முடியைக் கழுவிய தண்ணீர், வெட்டிய கத்தரிக்கோல் எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கிறது.

செப்டம்பர் 5, பின்னிரவு

மேலே எழுதியதை வைத்து முடிப் பரிசோதனை எல்லாமே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மீன் வழியாக உடம்புக்குள் போகும் மெத்தில் பாதரசத்துக்கு முடிதான் நல்ல சாட்சி. ரத்தத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய 250 மடங்கு முடியில் சேரும், சேர்ந்தது அங்கேயே நிற்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. 1971-72-ல் ஈராக்கில் பாதரச மருந்து கலந்த விதைக் கோதுமையை ரொட்டி சுட்டுச் சாப்பிட்டுப் பலர் இறந்தார்கள். பிழைத்தவர்களின் முடியைத் துண்டு துண்டாக அளந்து, எந்த மாதம் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதையே கண்டுபிடித்தார்கள். எந்தத் தனிமம், எந்தத் திசு, எந்தக் காலம் என்ற மூன்றும் பொருந்தினால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

செப்டம்பர் 8

மண் விஷயம். இதை அவசரமாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் பாதி உண்மை.

வலங்கைமான் பக்கம் எங்கள் வயலைத் தம்பிதான் பார்க்கிறான். நடவுக்கு முன்னால் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட், அதாவது ஹெக்டேருக்கு 25 கிலோ, மணலில் கலந்து தூவுவது எங்களுக்கு வழக்கம். வேளாண்துறை சொல்வதும் அந்த அளவுதான். தண்ணீர் தேங்கி நிற்கிற வயலில் மண்ணில் இருக்கும் துத்தநாகமே பயிருக்குக் கிடைக்காமல் போய்விடும். சுண்ணாம்புத்தன்மை கூடிய மண்ணில் இன்னும் மோசம். இலையில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி வந்து பயிர் குட்டையாக நிற்கும். பந்த்நகரில் 1966-ல் ஒய்.எல். நேனே என்ற விஞ்ஞானி இந்த நோய்க்குத் துத்தநாகக் குறைவுதான் காரணம் என்று காட்டினார்.

ஆனால் பயிர் தேறினால் மணியில் ஜிங்க் நிறைந்துவிடும் என்று அர்த்தமில்லை. மண்ணில் போடுவது விளைச்சலுக்கு உதவுகிறது, மணிக்குள் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். பூக்கும் தருணத்திலும் பால் பிடிக்கும் சமயத்திலும் இலைமேல் தெளித்தால் மணியில் கூடுதலாக ஏறும்.

அப்புறம் சாப்பாடு. நம் தட்டில் அரிசிதான் பெரும்பங்கு. தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாது. மனிதருக்கும் துத்தநாகக் குறைவு வரும் என்று உலகுக்குக் காட்டியவர் நம் பீகாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத். ஈரானில் ஷிராஸ் பக்கத்துக் கிராமங்களில் வயதுக்கேற்ற வளர்ச்சியே இல்லாத இளைஞர்களைப் பார்த்து 1961-ல் எழுதினார். 1963-ல் எகிப்தில் ஆராய்ந்து துத்தநாகக் குறைவை உறுதிசெய்தார். அவர்கள் சாப்பிட்டது பெரும்பாலும் ரொட்டி, மண் தின்னும் பழக்கமும் இருந்தது. அதுவரை மனிதனுக்குத் துத்தநாகக் குறைவே வராது என்றுதான் மருத்துவ உலகம் நினைத்துக்கொண்டிருந்தது.

ஆகவே அரிசியையே நம்பியிருக்கும் குடும்பத்தில் குறைவு வர வாய்ப்பு உண்டு. ஆனால் டெல்டாக்காரர்கள் எல்லோருக்கும் குறைவு என்பது மண்ணிலிருந்து நேராக மனிதனுக்குத் தாவுவது. நடுவில் மீன், முட்டை, பருப்பு, கறி, புளிக்கவைத்த மாவு எல்லாம் இருக்கின்றன.

செப்டம்பர் 9

கைக்குத்தல் அரிசி சாப்பிடலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். தவிட்டில் ஜிங்க்கும் கூடுதல், ஃபைட்டேட்டும் கூடுதல். இட்லி மாவு புளிக்கும்போது ஃபைட்டேட் குறைகிறது. பயறை முளைகட்டினாலும் குறைகிறது. பாட்டிகள் செய்ததை விடாமல் செய்தால் போதும்.

செப்டம்பர் 14

"சரி, முடி வேண்டாம், ரத்தம் கொடுக்கலாமா?" கொடுக்கலாம். ஆனால் எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். இதைச் சொல்லத்தான் நான் இந்த இழையில் உட்கார்ந்திருக்கிறேன்.

சீரம் என்பது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர். சீரம் ஜிங்க் டெசிலிட்டருக்கு 70 முதல் 120 மைக்ரோகிராம் வரை இயல்பு என்று பெரும்பாலான லேப்கள் போடும். அது காலையில் ஒரு மாதிரி இருக்கும், சாப்பிட்டபின் இறங்கும். காய்ச்சல், புண், சளி என்று எந்த அழற்சி வந்தாலும் உடம்பு துத்தநாகத்தை ஈரலுக்கு இழுத்துக்கொள்ளும், சீரத்தில் குறைவாகக் காட்டும். உடம்பில் குறையவே இல்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

மறுபக்கம், ரத்தத்திலுள்ள ஜிங்க்கில் முக்கால்வாசிக்கு மேல் சிவப்பணுக்களில் இருக்கிறது. நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி எடுத்தாலோ, டியூபை வேகமாகக் குலுக்கினாலோ அணு உடைந்து எண் ஏறிவிடும். சாதாரண டியூபின் ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் கசியும். அதனால்தான் நுண்தனிமங்களுக்கென்று கருநீல மூடி டியூப் தனியாக வருகிறது. எங்களிடம் ஒரு சாம்பிள் 190 என்று வந்தது. விசாரித்தால் சிவப்பு மூடி டியூபில் எடுத்து, சீரம் இளஞ்சிவப்பாக இருக்கும்போதே கூரியரில் ஏற்றியிருக்கிறார்கள். வெறும் வயிற்றில் சரியான டியூபில் மறுபடி எடுத்தோம். 82.

நம் வாய்க்கால் மதகில் தண்ணீர் போவதை வைத்து மேட்டூர் நீர்மட்டத்தைச் சொல்ல முடியாது. சீரத்தை வைத்து எலும்பையும் தசையையும் சொல்வதும் அப்படித்தான். ஊர் முழுக்க எடுத்த ரத்தத்தின் சராசரி அந்த ஊரைப் பற்றி ஏதோ சொல்லும். ஒரு ஆளின் ஒரு எண் அந்த ஆளைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்.

செப்டம்பர் 15

அயோடினும் அப்படியே. உடம்பில் 15 முதல் 20 மில்லிகிராம்தான், அதில் 70 முதல் 80 சதவீதம் தைராய்டில். சிறுநீரில் பார்ப்பது ஊருக்கான கணக்கு. பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்து, நடுமதிப்பு லிட்டருக்கு 100 முதல் 199 மைக்ரோகிராம் இருந்தால் ஊர் சரியாக இருக்கிறது என்பார்கள். உங்கள் பையனின் ஒரு எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

செப்டம்பர் 21

இரும்பு பற்றி எழுதாமல் விட மனசு வரவில்லை. டெல்டாவில் பெண்களுக்கு உண்மையில் குறைவது அதுதான், கேம்ப்காரர்கள் ஜிங்க் பட்டையைக் காட்டிக்கொண்டிருக்கும்போது அது கண்ணில் படாமல் போகிறது.

என் சித்தி நடவு வேலைக்குப் போகிறவர். படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஃபெரிட்டின் பார்த்தார்கள், 60-க்கு மேல் வந்தது. "இரும்பு போதுமான அளவு இருக்கிறது" என்று ஒரு இடத்தில் அனுப்பிவிட்டார்கள். அப்போது சித்திக்குக் காலில் சேற்றுப்புண் பழுத்துக் காய்ச்சல். ஃபெரிட்டின் ஈரலிலும் மண்ணீரலிலும் இருக்கும் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது என்றாலும் அழற்சி வந்தால் தானாகவே ஏறிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் அதற்காகத்தான் இரண்டு எல்லை வைத்தது. ஆரோக்கியமான பெரியவருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே குறைவு. தொற்றோ அழற்சியோ இருந்தால் 70-க்குக் கீழே வந்தாலே குறைவு. புண் ஆறியபின் சித்திக்கு மறுபடி பார்க்கச் சொன்னேன். ஒற்றை இலக்கம்.

அவர் பச்சை அரிசியை மடியில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க மென்றுகொண்டிருந்தார். வீட்டில் எல்லோரும் திட்டுவார்கள், நான் உட்பட. அரிசி, சாம்பல், சுட்ட மண், ஐஸ் என்று எதையாவது தின்னத் தோன்றுவது இரும்புக் குறைவோடு சேர்ந்து வரும். இப்போது யாராவது பெண் அரிசி மென்றால் திட்டாமல் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை ஆரம்பித்ததும் அந்த ஆசை சித்திக்குத் தானாக விட்டுப்போயிற்று.

செப்டம்பர் 28

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வலைக்குக் கோக்கும் ஈயக்குண்டை வீட்டுக் கொல்லையில் உருக்கி வார்ப்பார்களாம், பிள்ளைகள் பக்கத்திலேயே விளையாடுவார்களாம். ரத்தப் பரிசோதனை ஒன்று செய்து சரியாக இருந்தால் விட்டுவிடலாமா என்கிறார்.

தம்பி, உருக்குவதைப் பிள்ளைகள் இல்லாத இடத்துக்கு மாற்றுவதுதான் முதல் வேலை, பரிசோதனை இரண்டாவது. உருக்கியவர்கள் குளித்து உடை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டும்.

காரீயத்துக்கு முழு ரத்தத்தைப் பார்க்க வேண்டும், சீரம் உதவாது. ரத்தத்திலுள்ள ஈயத்தில் 99 சதவீதம் சிவப்பணுவில் ஒட்டியிருக்கிறது. ரத்தத்தில் இருப்பதில் பாதி வெளியேற ஒரு மாதம் ஆகும். ஆக அந்த எண் சமீபத்து நாட்களின் கதை. பெரியவர்களுக்கு உடம்பில் இருக்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் குடியிருக்கிறது, அங்கே பல வருடம் தங்கும். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரையும்போது ஈயமும் சேர்ந்து வெளியே வரும். அம்மா சிறுமியாக இருந்தபோது சேர்ந்த ஈயம் குழந்தைக்குப் போய்ச் சேர முடியும் என்பதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

உலக சுகாதார நிறுவனம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது. அதற்குக் கீழே பாதுகாப்பு என்று ஒரு எல்லையும் கிடையாது.

பழைய கணக்கு தெரிய வேண்டும் என்றால் பல். நாம் பால் பல் விழுந்தால் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவோம். பாஸ்டன் பக்கம் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற மருத்துவர் பள்ளிக்கூடங்களில் சொல்லி வைத்து அந்தப் பற்களைச் சேகரித்தார். பல்லில் ஈயம் கூடிய பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் மதிப்பெண்ணும் கவனமும் குறைவாக இருந்ததை 1979-ல் வெளியிட்டார். யாருக்கும் நோய் என்று சொல்லும்படி எந்த அறிகுறியும் இல்லை.

செப்டம்பர் 29

ஈயச்சொம்பு ரசம் பற்றி உடனே கேள்வி வரும் என்று தெரியும், வந்துவிட்டது. சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. இதுவரை நான் ஈயம் என்று எழுதியது காரீயம், அது வேறு உலோகம். மலிவாக விற்பதில் காரீயம் கலந்திருந்தால் புளிப்பில் கரையும். எங்கள் வீட்டுச் சொம்பை அலமாரியில் வைத்துவிட்டு எவர்சில்வரில்தான் ரசம் வைக்கிறேன். வாசனை கொஞ்சம் குறைவுதான்.

அக்டோபர் 6

"இயல்பான அளவு" என்று ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கிறதே, அதை யார் முடிவு செய்தது?

ஒரு உதாரணம், சீரத்தில் குரோமியம். 1950, 60-களில் வந்த இயல்பு அளவுகள் இன்றைய அளவைப் போல நூறு மடங்குக்கு மேல்கூட இருந்தன. மனிதர்கள் மாறவில்லை. ஸ்டீல் ஊசி, கண்ணாடிக் குழாய், லேப் தூசி எல்லாம் சேர்ந்து வந்த எண் அது. பெல்ஜியத்தில் கென்ட் நகரத்தில் ஜாக் வெர்சீக், ரீட்டா கார்னெலிஸ் இருவரும் 1980-ல் இதையெல்லாம் அலசிக் காட்டினார்கள். சுத்தம் கூடக் கூட, மனித ரத்தத்தில் குரோமியமும் மாங்கனீசும் "குறைந்துகொண்டே" வந்தன.

ஈயத்தில் இது இன்னும் கனமான விஷயம். பூமியின் வயதைக் கணித்த கிளேர் பேட்டர்சன் தன் லேப்பைச் சுத்தமாக்கிச் சுத்தமாக்கி ஒன்றைக் கண்டார். அமெரிக்கர்களின் உடம்பில் இருந்த ஈயம் இயற்கையாக இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு என்று 1965-ல் எழுதினார். அதற்கு முன்பு எல்லோருக்கும் அவ்வளவு இருக்கிறது, ஆகவே அது இயல்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஈயப் பெட்ரோல் புகையைச் சுவாசித்துக்கொண்டிருந்த காலம். இந்தியாவில் அந்தப் பெட்ரோல் 2000-ல்தான் முழுதாக நின்றது. நானும் அந்தப் புகையில் வளர்ந்தவள்தான், என் எலும்பிலும் இருக்கும்.

கதிரியக்கப் பாதுகாப்புக்காக 1975-ல் சர்வதேசக் குழு ஒன்று "மாதிரி மனிதன்" என்று உறுப்பு வாரியாகத் தனிமக் கணக்கு வெளியிட்டது. 70 கிலோ எடையுள்ள மேற்கத்திய ஆண். நடவுக்குக் குனிகிற 45 கிலோ பெண்ணின் ஈரல் அந்த அட்டவணையில் இல்லை.

அக்டோபர் 12

மாமனார் விடாமல் பீடி குடித்தவர். அவருக்குச் சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்தபோது சர்க்கரையைத்தான் காரணம் சொன்னார்கள், அது சரியாகவும் இருக்கலாம். காட்மியம் என்ற நச்சு உலோகம் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அப்போதுதான். புகையிலை இலை காட்மியத்தை நன்றாக இழுத்துக்கொள்ளும். உடம்புக்குள் போனது சிறுநீரகத்தின் வெளிப்பகுதியில் போய் உட்கார்ந்தால் பாதி வெளியேற 10 முதல் 30 வருடம்.

ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில், மேலே இருந்த சுரங்கக் கழிவு நெல் வயலில் கலந்து, வயதான பெண்களுக்கு எலும்பு நொறுங்கி வலியில் துடித்தார்கள். இட்டாய்-இட்டாய் நோய். நெல் பயிரிடுகிறவர்கள் அறிய வேண்டிய ஒரு சங்கடம் இதில் உண்டு. வயலில் தண்ணீர் தேக்கினால் காட்மியம் பயிருக்குக் கிடைப்பது குறையும், ஆர்சனிக் கூடும். காயப்போட்டால் நேர்மாறு. மண்ணில் எது கூடுதல் என்று தெரியாமல் எந்தப் பக்கமும் ஆலோசனை சொல்ல முடியாது. வங்காள டெல்டாவின் ஆர்சனிக் கதையை நம் ஊர்மேல் அப்படியே ஒட்டுவதும் வேண்டாம், அது வேறு வண்டல்.

அக்டோபர் 13

நாச்சியார்கோவிலில் பித்தளை வார்க்கும் ஒருவர்: விளக்கு வார்த்த அன்று சாயங்காலம் குளிர்காய்ச்சல், மறுநாள் ஒன்றுமே இல்லை. பித்தளையிலுள்ள துத்தநாகத்தின் புகையால் வரும் காய்ச்சல் அப்படித்தான் இருக்கும். ரத்தத்தில் ஜிங்க் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. புகை வெளியே போக வழி செய்யுங்கள், மூச்சுக்கு நல்ல முகமூடி போடுங்கள். ஒரு நாளில் விடாத காய்ச்சல் என்றால் வேறு, டாக்டரிடம் போங்கள்.

அக்டோபர் 19

தரங்கம்பாடி அண்ணன் ஒருவருக்குச் சிறுநீரில் ஆர்சனிக் மிக அதிகம் என்று வந்து வீடே அழுதுகொண்டிருக்கிறது. முந்தின நாள் இறால் குழம்பு. கடல் உணவிலிருக்கும் ஆர்சனோபீட்டைன் நஞ்சு கிடையாது, அப்படியே வெளியே போய்விடும், மொத்தமாக அளக்கும் கருவி பிரித்துப் பார்க்காது. நான்கைந்து நாள் கடல் உணவை நிறுத்திவிட்டு மறுபடி கொடுங்கள், கனிம ஆர்சனிக்கைத் தனியாகப் பிரித்துச் சொல்லும் லேப்பாகக் கேளுங்கள்.

அக்டோபர் 27

மன்னார்குடி தம்பி அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போயிருக்கிறார். ஹீமோகுளோபின் 9-க்குப் பக்கத்தில், ஃபெரிட்டின் மிகக் குறைவு. இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஏன் குறைந்தது, எங்காவது ரத்தம் போகிறதா என்று பார்ப்பதையும் விடாதீர்கள்.

கேம்ப் மாத்திரையின் அட்டையையும் படம் எடுத்துப் போட்டிருந்தார். ஒரு மாத்திரையில் ஜிங்க் 50 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020-ல் சொன்ன நாள் தேவை பெண்ணுக்கு 13.2, ஆணுக்கு 17. நாளுக்கு 40-ஐத் தாண்டி மாதக்கணக்கில் சாப்பிட்டால் குடல் சுவரில் ஒரு புரதம் கூடி, அது செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே போக விடாது. செம்பு குறைந்தால் ரத்தசோகை வரும், வெள்ளணு குறையும், கால் மரத்துப்போகும். ஈரலில் செம்பு சேரும் வில்சன் நோய்க்கு ஜிங்க்கை மருந்தாகக் கொடுப்பதும் இதே காரணத்தால்தான். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள அந்த அம்மா ஆறு மாதம் அதைச் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கொரோனா சமயத்தில் ஆரம்பித்த ஜிங்க் மாத்திரையை இன்னும் விடாமல் போடுகிறவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். யார் எழுதிக் கொடுத்தது, எது வரை என்று கேளுங்கள்.

அம்மாவுக்கு இரும்பு மாத்திரையைக் காபியோடு கொடுக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சம்பழச் சாறோடு போட்டால் நல்லது. மலம் கறுப்பாகப் போனால் பெரும்பாலும் மாத்திரையால்தான், பயந்து நிறுத்திவிட வேண்டாம்.